பெரியம்மா வீட்டுக்கு வேறு வண்டி

பிப்ரவரி 3

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் பொடிசு எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, கொஞ்சம் இருமல் மட்டும். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? காது மிஷின் இன்னும் அலமாரியில்தான் தூங்குகிறதாம், அம்மா சொன்னாள். போனில் நான் கத்துவது உங்கள் தெருவுக்கே கேட்கிறது, உங்களுக்கு மட்டும் கேட்பதில்லை. அதனால்தான் கடிதம்.

வேலையில் சேர்ந்துவிட்டேன். கணக்குப் போடுகிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு, எதற்கு என்று வீட்டில்கூடச் சொல்லக் கூடாதென்று முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். போனை வாசலில் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிய பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். ஜன்னல் கண்ணாடிக்கு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். எதிர்க் கட்டடத்தில் பல் டாக்டர்தான் இருக்கிறார், அவர் பார்த்து என்ன செய்யப் போகிறாரோ.

கணக்குப் போடும் சாஃப்ட்வேர் வேறொரு கம்பெனியில் வாங்கியது. அது பாதியில் நின்று நின்று போகிறது. விற்றவர்களின் உதவி மையத்துக்கு ஆபீஸ் போனில் பேசினால் ஓர் அக்கா எடுக்கிறாள். அப்படி ஒரு கனிவான குரல். "ஸ்கிரீனைக் காட்டுங்கம்மா, ஒரு நிமிஷத்துல பாத்துச் சொல்லிடறேன்" என்கிறாள். காட்டக் கூடாது. ஏன் காட்டக் கூடாது என்றும் சொல்லக் கூடாது. உதவ வந்தவளை வாசலிலேயே நிற்கவைத்துப் பேசுவது போல இருக்கிறது.

அண்ணனுக்குப் பெரிய மெக்கானிக் பதவி கிடைத்ததா? அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் பொடிசு


பிப்ரவரி 19

பொடிசுக்குப் பெரியம்மா எழுதுவது.

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது, வலியும் அதை விட்டுப் போகவில்லை. உன் இருமலுக்கு வெந்நீர் குடி. உன் அம்மாவிடம் இருமல் என்று சொல்லாதே, அவள் அதைக் காசநோயாக்கி நாலு வீட்டில் அழுதுவிட்டு வருவாள்.

உன் கடிதத்தின் ஒட்டு, பிரித்துத் திரும்ப ஒட்டின மாதிரி இருந்தது. நான் யாரையும் சொல்லவில்லை. அன்றைக்கு உன் அண்ணியின் விரலில் பசை இருந்தது, அதை மட்டும் எழுதுகிறேன்.

போனில் பேசுகிற அந்தத் தேன்வாய்க்காரியிடம் ஜாக்கிரதையாக இரு. உன் பெரியப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது அடுத்த வீட்டுக்காரி உதவி உதவி என்று உள்ளே வந்தாள். தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள், துணி துவைத்துக் கொடுத்தாள். ஒரே மாதத்தில் எந்தச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்பது வரைக்கும் தெரிந்துகொண்டாள். ஒன்றையும் எடுக்கவில்லை. ஆனால் தெரிந்துகொண்டாளே. அவள் கட்டியிருந்த பச்சைப் புடவையின் கரைகூட எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

உன் அண்ணன் தினமும் சைக்கிளில் பாலம் தாண்டி அந்தக் குளிர்பதனக் கிடங்குக்குத்தான் ஓடுகிறான். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள், குளிர் மிஷின்களைப் பார்த்துக்கொள்ள வருகிறாயா என்று. இவன் போக மாட்டேன் என்கிறான். மேனேஜர் பெரிய மெக்கானிக் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறானாம். அந்த மேனேஜரை நான் மறக்கவில்லை. உன் பெரியப்பாவை நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "கம்ப்ரசர் நின்னுபோச்சு, ஒரு நடை வந்து பாத்துட்டுப் போயிடு" என்று பெற்ற பிள்ளையைக் கூப்பிட்டான். இவனும் போனான். பழுப்புச் செருப்பு, இடது வார் தைத்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பெரியம்மா


மார்ச் 5

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

வெந்நீர் குடிக்கிறேன், இருமல் பாதி போய்விட்டது. முழங்காலுக்கு அந்தப் பட்டையைக் கட்டிக்கொள்கிறீர்களா?

இங்கே கோளாறு தீரவில்லை. ஒவ்வொரு தடவையும் கணக்கு ஓடி ஓடிக் கடைசியில் "தீர்வு இல்லை" என்று நின்றுவிடுகிறது. உதவி மையத்து அக்கா கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுகிறாள். எத்தனை இடம் என்கிறாள், சொல்ல மாட்டேன் என்கிறேன். என்ன பொருள் என்கிறாள், பொருள்தான் என்கிறேன். நேற்று அவளாகவே கூப்பிட்டு முதலில் இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பிறகு சொன்னாள்: "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நீங்க எதைச் சொல்லாம இருக்கீங்களோ, கோளாறு அதுலதான் இருக்கு."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

எங்கள் அறைத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூனை. சத்தமில்லாமல் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பார். போனை வைத்ததும், "அவ ஏன் உன்னை மட்டும் திரும்பத் திரும்பக் கூப்பிடறா? இருமல் வரைக்கும் எப்படிப் போச்சு பேச்சு?" என்று கேட்டார். போனில் இருமினேன், அவளுக்குக் கேட்டது, அவ்வளவுதான் என்றேன். தலையை ஆட்டினார். நம்பின தலையாட்டல் இல்லை அது.

யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத இரண்டு பேரைத் திருடிகள் மாதிரி பேசவைக்கிறது இந்த வேலை.

உங்கள் பொடிசு


மார்ச் 20

பொடிசுக்குப் பெரியம்மா எழுதுவது.

நான் சுகம். பட்டை கட்டினால் கால் வீங்குகிறது, கட்டாவிட்டால் உன் அண்ணி முகம் வீங்குகிறது. உன் இருமலைப் பற்றி அவள் ஏன் கேட்டாள் என்று பூனை கேட்டதில் தப்பில்லை. எனக்கும் அதே சந்தேகம்தான்.

ஆனால் வேலை நடந்தாக வேண்டுமே. ஒரு வழி சொல்கிறேன். உன் அம்மாவுக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தில் அந்தப் பச்சைப் புடவைக்காரி தினமும் வந்து நோண்டுவாள். நான் நடந்தது அத்தனையும் ஒன்று விடாமல் சொல்வேன். ஆனால் எல்லாம் என் நாத்தனார் மகளுக்கு நடந்ததாகச் சொல்வேன். பையன் வீட்டார் இப்படிக் கேட்கிறார்களாம், என்ன பதில் சொல்லலாம் என்று யோசனையும் கேட்டுக்கொள்வேன். நல்ல யோசனையாகவே சொன்னாள், பாவி. அவள் சொன்ன யோசனையில் நடந்த கல்யாணம்தான் உன் அம்மாவுடையது. இன்றுவரை அந்தப் பச்சைப் புடவைக்காரிக்குத் தெரியாது.

நீயும் ஆளை மாற்றிச் சொல்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் ஜூன் பிறந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உன் அண்ணன், மேனேஜர் தோளில் கை போட்டுப் பேசினார் என்று வந்து சொல்லிப் பூரிக்கிறான். தோளில் கை போட்டால் என்ன, அந்தக் கைக்கு என்ன வேலை வரப்போகிறது என்று பார்க்க வேண்டாமா?

பெரியம்மா


ஏப்ரல் 6

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இருமல் போயே போய்விட்டது. நீங்களும் கால் வீக்கம் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் உங்களால் இங்கே ஒரு பெரிய காரியம் முடிந்திருக்கிறது.

நீங்கள் சொன்னபடி ஆளை மாற்றிவிட்டேன். பூனையிடம் அனுமதி வாங்கி, உண்மைக் கணக்கை எடுத்துப் பெயர்களை மாற்றி அதை ஒரு கல்யாண வேனாக ஆக்கிவிட்டேன். வேன் ஒவ்வொரு வீடாகப் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு நேரத்துக்குள் மண்டபம் சேர வேண்டும். அம்மா வீடு, சித்தி வீடு, தாய்மாமா வீடு, அத்தை வீடு, பெரியம்மா வீடு. எந்த இடத்துக்குப் பக்கத்தில் நம் ஆட்கள் யார் இருக்கிறார்களோ அவர்கள் பெயரையே வைத்தேன், எனக்குக் குழம்பாது பாருங்கள். தூரம், வழி, நேரம் மட்டும் மாற்றவில்லை. அதை மாற்றினால் கோளாறும் ஓடி ஒளிந்துகொள்ளும்.

பூனை வரி வரியாகப் பார்த்துவிட்டு அனுப்பச் சொன்னார். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். உங்கள் வீட்டுக் கல்யாணமா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். அத்தையையும் பெரியம்மாவையும் அடுத்தடுத்த சீட்டில் உட்காரவைத்திருக்கிறேனாம், பரவாயில்லையா என்று கேட்டாள்.

முந்தாநாள் அவளே கூப்பிட்டாள். "கண்டுபிடிச்சுட்டேன். கோளாறு எங்க சாஃப்ட்வேர்ல இல்லம்மா, உங்க பெரியம்மா வீட்டுல இருக்கு. வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். போற வழியில பள்ளிக்கூடத் தெரு, காலையில பெரிய வண்டி நுழைய முடியாது. சுத்திக்கிட்டு வர்றதுக்குள்ள நேரம் போயிடுது. அந்த ஒரு வீட்டை எடுத்துட்டா எல்லாம் அழகா ஓடுது. பெரியம்மாவை வேற வண்டியில வரச் சொல்லிடுங்க."

நான் சிரித்த சிரிப்பில் பூனையே எட்டிப் பார்த்தார். அப்படியே எடுத்துவிட்டுக் கணக்கை முடிக்கச் சொல்லிவிட்டார். வேலை கொடுத்தவர்களும் இதைத்தான் எதிர்பார்த்திருப்பார்களாம்.

பெரியம்மாவையே வேனிலிருந்து இறக்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பொடிசு


ஏப்ரல் 18

பொடிசுக்குப் பெரியம்மா எழுதுவது.

சுகம். உன் கடிதத்தை ஒரு தடவை படித்துக் கோபப்பட்டேன். அந்த அத்தைக்காரியை என் பக்கத்தில் உட்காரவைக்க உனக்கு எப்படி மனது வந்தது? என் மகன் கல்யாணத்தில் பந்தியில் எனக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, உப்புக் குறைச்சல் என்று கை கழுவும் இடத்தில் நின்று சொன்னவள். கற்பனை வேனாக இருந்தாலும் நான் அவள் பக்கத்தில் உட்கார மாட்டேன். என்னை இறக்கிவிட்டதே நல்லது.

மதியம் திரும்ப எடுத்துப் படித்தேன்.

நம் வீடு பாலத்துக்கு இந்தப் பக்கம். நீ பாவாடை கட்டின வயதிலிருந்து வந்துபோன வீடு. நம் தெருவில் பள்ளிக்கூடம் ஏது? தையல்காரர் கடையும் மாவு மிஷினும்தானே இருக்கிறது. பெயரைத்தான் மாற்றினேன், வழியை மாற்றவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூடத் தெரு வழியாக லாரி நுழைய முடியாமல் காலையில் சுற்றிக்கொண்டு வருகிற இடம் எதுவென்று எனக்குத் தெரியும். உன் அண்ணன் சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் புலம்பல்தான்.

இந்தக் கடிதத்தை யாரிடமும் கொடுக்காமல் நானே நடந்துபோய்த் தபால் பெட்டியில் போடப் போகிறேன்.

அந்தத் தேன்வாய்க்காரி எதை எடுத்துவிடச் சொன்னாள், பொடிசு?

பெரியம்மா


மே 27

பெரியம்மாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேலை அதிகம், அதனால் எழுதத் தாமதமாகிவிட்டது.

போன கடிதத்தில் நான் எழுதியதெல்லாம் விளையாட்டுக்கு எழுதியது. ஏதோ ஞாபகத்தில் பாலத்தை இடம் மாற்றிப் போட்டிருப்பேன். அந்தக் கடிதம் இருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள். வேலை பற்றி இனி நான் எழுதுவதற்கு இல்லை.

இங்கே வெயில் அதிகம்.

அண்ணன் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு என்ன பதில் சொன்னார்? ஜூன் பிறக்கப் போகிறதே என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

உங்கள் பொடிசு


ஜூன் 9

பொடிசுக்குப் பெரியம்மா எழுதுவது.

நான் இருக்கிறேன். வெயில் இங்கேயும் அதிகம்தான். கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று.

நீ இத்தனை நாள் பதில் போடாமல் இருந்ததிலேயே எனக்குப் பதில் வந்துவிட்டது. உன் கடிதம் வரும் வரைக்கும் நான் காத்திருக்கவில்லை.

மே கடைசியில் ஒரு காலை, முழங்காலில் பட்டையைக் கட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனேன். எல்லாரும் டீ குடிக்கிற நேரம் பார்த்துக் கிடங்கு வாசலில் நின்று மேனேஜரை வெளியே கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "செத்த வீட்டுக்குச் செருப்போட வந்தவன்தானேடா நீ? பொணத்தை விட்டுட்டு வரச் சொல்லி என் பிள்ளையைக் கூப்பிட்டவன்தானே? இனிமே என் பிள்ளை உன் வாசப்படி மிதிச்சா நான் அவனுக்கு அம்மா இல்ல" என்றேன். நடந்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவன் திருதிருவென்று முழித்தான். செருப்பின் இடது வார் தைத்ததைக்கூடச் சொன்னேன். லாரிக்காரர்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

உன் அண்ணன் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தான். வீட்டுக்கு வந்து, "நாளைக்கு எந்த மூஞ்சியோட உள்ளே போவேன்?" என்றான். போகாதே என்றேன். அவன் போகவில்லை. மே முடிவதற்குள் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துகொண்டான்.

அன்றிலிருந்து என்னுடன் பேசுவதில்லை. பேரன் மூலமாகத்தான் தண்ணீர் கேட்கிறான். உன் அண்ணி பாத்திரத்தைக் கழுவுகிற சத்தம் எனக்கே கேட்கிறது என்றால் பார்த்துக்கொள். உன் அம்மா வந்து, அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அழுதுவிட்டுப் போனாள்.

நான் ஏன் போனேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள். நான் எப்போதும் இப்படித்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

நீ வேலையைப் பற்றி எழுதாதே. வெயிலைப் பற்றி எழுது.

பெரியம்மா


ஆகஸ்ட் 12

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தனை தூரம் நடந்தது இன்னும் வலிக்கிறதா? நான் சுகம். இப்போதுதான் ஒழுங்காகத் தூங்குகிறேன்.

கிடங்கை மூடப்போவதை அறிவித்துவிட்டார்கள் என்பதால் இதை எழுதலாம். லாரி எந்த வழியில் போனால் நல்லது என்கிற கணக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். எந்தக் கிடங்கு வேண்டாம் என்பதற்கான கணக்கு அது என்று எனக்கே சொல்லாமல் வைத்திருந்தார்கள். உங்கள் ஏப்ரல் கடிதம் வந்த அன்று நான் பூனையிடம் போய், எடுத்துவிட்ட இடம் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "இதை ஏன் கேக்கறே?" என்றார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் உங்களுக்கு எழுதவே இல்லை.

அறிவிப்பதற்கு முன்னாலேயே ஒரு மெக்கானிக் கிளம்பிவிட்டான், யாரோ வெளியே சொல்லியிருக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. வெளியாட்களில் யாரிடம் பேசினோம் என்று பார்த்தார்கள். உதவி மையத்து அக்கா ஒருத்திதான். அவள் கம்பெனியில் சொல்லி அவளைப் போனிலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கள் பேச்சின் பதிவையெல்லாம் போட்டுக் கேட்டார்கள். கல்யாண வேன், அத்தை, பெரியம்மா, இருமல். வேறொன்றும் இல்லை. அந்த மேனேஜரும் எழுதிக் கொடுத்துவிட்டானாம், மெக்கானிக்கின் தாயார் பழைய பகையை வைத்து வாசலில் சண்டை போட்டதால்தான் அவன் போனான், ஊரே பார்த்தது என்று.

என்னையும் உட்காரவைத்துக் கேட்டார்கள். அந்தக் கிடங்கில் உடன்பிறந்தவர் யாராவது வேலை பார்த்தார்களா என்று. இல்லை என்றேன். பெரியம்மா மகனை அவர்கள் கணக்கில் உடன்பிறந்தவர் என்று சொல்வதில்லை. நான் பொய் சொல்லவில்லை. ஆனால் சொல்லும்போது அண்ணன் என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டதுதான் ஞாபகம் வந்தது.

போன வாரம் அக்காவைத் திரும்பப் போனுக்கு விட்டார்கள். இப்போது எழுதிக் கொடுத்த வரிகளைத்தான் வாசிக்கிறாள். இந்தப் பேச்சு பதிவாகிறது என்று முதலிலேயே சொல்கிறாள். என் கேள்விக்குப் பதில் சொல்லி முடித்த பிறகும் போனை வைக்கவில்லை. கொஞ்சம் தொண்டையைச் செருமிவிட்டுக் கேட்டாள்: "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது அக்கா."

"பெரியம்மா வந்தாங்களா? வேற வண்டி கிடைச்சுதா?"

"கிடைச்சுது" என்றேன். வைத்துவிட்டாள்.

உங்கள் பொடிசு


ஆகஸ்ட் 29

பொடிசுக்குப் பெரியம்மா எழுதுவது.

முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது, வலிக்கட்டும். நீ தூங்குகிறாய் என்று எழுதியது போதும்.

கிடங்கு விஷயம் தெரிந்த அன்று உன் அண்ணன் வேலையிலிருந்து நேராக வீட்டுக்கு வரவில்லை. கூட வேலை பார்த்தவர்களோடு பாலத்துக் கைப்பிடியில் உட்கார்ந்திருந்தானாம். வந்து என் எதிரில் உட்கார்ந்தான். அன்றைக்குத்தான் வாயைத் திறந்தான். "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டான். நல்ல காதுப் பக்கமாகக் குனிந்து கேட்டான், கேட்கவில்லை என்று நான் சொல்லிவிடக் கூடாது பார்.

"எனக்கு அவன் செருப்புதான் தெரியும்" என்றேன்.

அவன் நம்பவில்லை. இப்போது பேசுகிறான், ஆனால் பேசும்போது என்னைப் பார்க்கிற பார்வை, ஒட்டுப் பிரிந்த கடிதத்தை நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பது மாதிரி இருக்கிறது. வேலை போன பையன்களின் அம்மாமார் என்னை மாவு மிஷினில் பார்த்தால், உன் சண்டை உன் பிள்ளைக்கு அதிர்ஷ்டமாகப் போயிற்று என்கிறார்கள். நான் மாவைத்தான் பார்க்கிறேன். அவர்கள் பிள்ளைகளுக்கும் ஒரு சண்டை போட்டிருக்கலாம், ஆனால் அவர்கள் வீட்டு வாசலில் அவன் செருப்போடு நிற்கவில்லையே, நான் எதைச் சொல்லிப் போடுவேன்?

ஒன்று கேட்கிறேன். வேற வண்டி கிடைச்சுதா என்று அவள் ஏன் கேட்டாள் என்று யோசித்தாயா? அவளை உட்காரவைத்துக் கேள்வி கேட்டவர்கள் கிடங்கைப் பற்றியும், அங்கிருந்து கிளம்பிய மெக்கானிக்கைப் பற்றியும் கேட்காமலா இருந்திருப்பார்கள்? எந்த வீடு எந்தக் கிடங்கு என்று அவளுக்குத் தெரிந்துபோயிருக்கும். கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தவளே அவள்தானே. அத்தனை பேர் கேட்டும் அவள் கல்யாணம் என்றுதான் சொல்லியிருக்கிறாள். சாவி எந்த ஆணியில் என்று தெரிந்தும் எடுக்காமல் போயிருக்கிறாள்.

அவளைத் தேன்வாய்க்காரி என்று எழுதியதை நான் அடித்து எழுத மாட்டேன். எழுதியது எழுதியதுதான். இன்னொரு தடவை பொய்க் கல்யாணம் நடத்த வேண்டி வந்தால் என் வீட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே வை, அத்தைக்காரியைப் பின் சீட்டுக்கு அனுப்பு.

தொண்டையைச் செருமினாள் என்று எழுதியிருக்கிறாய். அடுத்த முறை பேசும்போது, இருமலா என்று நீ அவளைக் கேள். பூனை நின்றால் நிற்கட்டும்.

பெரியம்மா